நாப்போலியில் மரடோனா நடை: காசு கொடுத்துப் போகலாமா?

போகலாம். அர்ஜென்டினா உதைபந்தாட்டக்காரர் மரடோனா ஆடிய இத்தாலிய நகரம் நாப்போலியில் (நேப்பிள்ஸ்), அவர் ஞாபகம் தங்கிய இடங்களை வழிகாட்டியோடு நடந்து பார்க்கிற சுற்று இது. காலைச் சுற்றைப் பிடியுங்கள், வழுக்காத சப்பாத்துப் போடுங்கள், 1991ஆம் ஆண்டைப் பற்றி நீங்களாகவே வாய் திறந்து கேளுங்கள். கேட்காவிட்டால் வழிகாட்டிகள் சொல்லாமல் கடந்துவிடுவார்கள். அவசரத்தில் இருப்பவர்களுக்கு இவ்வளவும் போதும். மற்றவர்களுக்குக் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். அப்பாவைக் கூட்டிக்கொண்டு போய்வந்த பிறகு, தங்கள் தகப்பன்மாரையும் கூட்டிப்போகலாமா என்று சிசிலித் தீவின் பலெர்மோவில் பல பிள்ளைகள் என்னிடம் கேட்டுவிட்டார்கள்.

நான் பலெர்மோவில் வளர்ந்தவள், தொழில் இயன்மருத்துவம். அப்பாவுக்கு ஊர் யாழ்ப்பாணத்துப் பாசையூர். உதைபந்தாட்டம் விளையாடாத பொடியன் அங்கே இல்லை என்பது அவர் வாதம். எண்பதுகளின் கடைசியில் சிசிலிக்கு வந்து, வீட்டுவேலை செய்து எங்களை ஆளாக்கினார். ஞாயிறு பின்னேரங்களில் வானொலியில் போகும் ஆட்ட வர்ணனையைக் கேட்டுக் கேட்டுத்தான் இத்தாலிய மொழி பழகினார். இன்றைக்கும் கோபம் வந்தால் அவர் வாயில் வருவது வர்ணனையாளர்களின் சொற்கள்தான். அந்த ஞாயிறுகளில் அவர் காத்திருந்த பெயர் ஒன்றுதான்: மரடோனா.

நாங்கள் போன நிறுவனத்தின் பெயரை எழுதவில்லை. அதே பாதையில் வேறு ஆட்களும் கூட்டிப்போகிறார்கள், பார்க்கிற இடங்களும் பெரும்பாலும் அவைதான். ஆளுக்கு 30 யூரோவுக்குச் சற்றுக் கூட வந்தது. மூன்று மணித்தியாலம், பத்துப் பதினைந்து பேர், ஆங்கிலத்தில் ஒன்று, இத்தாலிய மொழியில் ஒன்று. இத்தாலிய மொழி விளங்குமென்றால் கட்டாயம் அதையே எடுங்கள். வழிகாட்டிகள் மனப்பாடம் பண்ணியதை விட்டு வெளியே வருவது தங்கள் சொந்த மொழியில்தான். எங்களுக்கு வந்தவர் ஐம்பது தாண்டிய மனிதர், நாங்கள் நடக்கப்போகும் குடியிருப்பிலேயே பிறந்தவர். நடுவில் மெல்ல மெல்ல நாப்போலிப் பேச்சுவழக்குக்கு வழுக்கிவிடுவார். அந்த வழக்கு பலெர்மோ வழக்கு போலில்லை. ஆனாலும் அப்பா தலையாட்டிக்கொண்டே வந்தார்.

மெற்றோவின் தொலேடோ நிலையத்தடியில் ஆட்களைச் சேர்த்தார்கள். வழிகாட்டி உடனே மரடோனாவைத் தொடவில்லை, நகரத்திலிருந்து தொடங்கினார். அது எனக்குப் பிடித்தது. 1980 நவம்பரில் நிலநடுக்கம். நாலு வருடம் கழிந்தும் தற்காலிகக் கொட்டகைகளில் குடும்பங்கள் இருந்தன. வேலை இல்லை. நாப்போலி உதைபந்தாட்டக் கழகமோ 1983-84 பருவத்தில் ஒரே ஒரு புள்ளியால் தரமிறக்கத்திலிருந்து தப்பியது. 1926இல் தொடங்கிய கழகம், ஒருமுறைகூட லீக் பட்டம் வென்றதில்லை. அந்தக் கழகத்துக்குத்தான் உலகத்திலேயே ஆகக் கூடிய விலை கொடுக்கப்பட்ட ஆட்டக்காரன் வந்தான்.

வந்தவனும் முழு ஆளாக வரவில்லை. புவெனோஸ் ஐரெஸின் ஓரத்தில் வில்லா பியோரித்தோ என்ற வறிய குடியிருப்பு. பதினாறு வயது நிரம்ப முன்னமே 1976இல் அர்ஜென்டினோஸ் ஜூனியர்ஸ் கழகத்துக்காக முதல் தர ஆட்டம். 1981இல் அதே நகரின் போக்கா கழகம், 1982இல் ஸ்பெயினின் பார்சலோனா. பார்சலோனாவில் இரண்டு வருடம் மஞ்சட்காமாலையும் முறிவுமாகப் போனது. 1983 செப்டெம்பரில் பில்பாவோ கழகத்து ஆட்டக்காரர் கொய்கொச்சேயா பின்னாலிருந்து போட்ட ஒரு உதையில் இடது கணுக்கால் முறிந்தது. நான் தினமும் கணுக்கால்களோடு வேலை செய்கிறவள் என்பதால் இந்த இடத்தில் நின்று சொல்லத்தான் வேண்டும். அப்படி ஒரு முறிவும் தசைநார்ச் சேதமும் வந்த ஆள் நாலு மாதத்துக்குள் மறுபடி போட்டி ஆட்டம் ஆடினார் என்பது அந்தக் காலத்து மருத்துவத்தில் நம்பக் கடினமான காரியம். திரும்பி வந்து நாப்போலியில் அவர் செய்தது முழுக்க அந்தக் காலால் செய்தது. காணொளிகளில் அந்தக் கால் தரையில் பதியும் விதத்தை நான் பலமுறை நிறுத்தி நிறுத்திப் பார்த்திருக்கிறேன். பயமே தெரியாது. வழிகாட்டி இந்த முறிவை ஒரே வரியில் கடந்து போனார். நான் அப்பாவுக்கு நடந்துகொண்டே விளக்கினேன். பக்கத்தில் வந்த ஒரு ஜெர்மன் தம்பதியும் காது கொடுத்தார்கள்.

வாங்கிய விதமும் ஒரு கதை. கெடு முடிகிற நாளில் கழகத் தலைவர் கொர்ராடோ பெர்லைனோ லீக் அலுவலகத்தில் கொடுத்தது வெற்று உறை. ஒப்பந்தம் பிறகுதான் கையொப்பமானது, உறையைப் பிறகு மாற்றி வைத்தார். பெர்லைனோவே பின்னாளில் ஒத்துக்கொண்ட விஷயம் இது. 1984 ஜூலை 5ஆம் தேதி, ஆட்டமே இல்லாத ஒரு நாளில், ஒரு மனிதனைப் பார்ப்பதற்காக மட்டும் 70,000க்கு மேற்பட்ட சனம் விளையாட்டரங்குக்கு வந்தது. எங்கள் வழிகாட்டி சிறுவனாகத் தகப்பனின் தோளில் இருந்து பார்த்தாராம். எனக்கு ஞாபகம் இருப்பது மரடோனா இல்லை, அப்பாவின் தோள் நடுங்கியது, என்றார். இதைக் கேட்கத்தான் காசு கொடுத்தேன் என்று அந்த இடத்தில் எனக்குத் தோன்றியது. சுவரோவியத்தை யாரும் இலவசமாகப் பார்க்கலாம், பின்னால் வரும் பாரில் உள்ளதையெல்லாம் ஒரு கோப்பியின் விலைக்குப் பார்க்கலாம். காசு இந்த மாதிரி ஆட்களின் ஞாபகத்துக்குத்தான்.

அங்கிருந்து குவார்த்தியேரி ஸ்பாஞோலி. ஸ்பானியப் படைகளுக்காகக் கட்டிய குடியிருப்பு, ஒடுங்கிய சந்துகள், தலைக்கு மேலே உடுப்புக் கொடிகள், இரண்டு பக்கமும் மோட்டார் சைக்கிள். ஏற்றம் இருக்கிறது. அப்பாவுக்கு அறுபத்தெட்டு வயது, மூட்டு கொஞ்சம் தேய்ந்திருக்கிறது, இருந்தும் ஏறிவிட்டார். சக்கர நாற்காலியோடு வருகிறவர்களுக்கு இந்தப் பகுதி கடினம். முன்பதிவு செய்யும் இடத்தில் இதைத் தெளிவாக எழுதியிருக்க வேண்டும், எழுதவில்லை. பத்துப் பதினைந்து பேர் என்பதும் இந்தச் சந்துகளுக்கு அதிகம். காதில் மாட்டும் கருவி தரவில்லை. கடைசியில் நடந்தவர்களுக்குப் பாதிக் கதைதான் கேட்டிருக்கும்.

எமானுவேலே தே தேயோ வீதியின் மேல்முனையில் அந்தச் சிறு சதுக்கம் வருகிறது. 1990இல் இரண்டாவது பட்டம் வென்ற கையோடு மாரியோ பிலார்டி என்ற உள்ளூர் இளைஞர் அடுக்குமாடிச் சுவர் முழுவதும் மரடோனாவை வரைந்தார். நீலச் சட்டை, பத்தாம் இலக்கம், ஓடுகிற நிலை. பிறகு வருடங்கள் போய் நிறம் மங்கியது. முகம் இருந்த இடத்தில் யாரோ சன்னல் திறந்துவிட்டார்கள். 2016இல் திருத்தி வரைந்தார்கள், அடுத்த வருடம் அர்ஜென்டினா ஓவியர் பிரான்சிஸ்கோ பொசொலெத்தி முகத்தை மறுபடி வரைந்தார். முகம் இருப்பது சன்னல் கதவின் மேல். வீட்டுக்காரர் சன்னலைத் திறந்தால் மரடோனாவுக்கு முகம் இல்லை, பூட்டினால் முகம் இருக்கிறது. நாங்கள் போனபோது பூட்டியிருந்தது. பக்கத்துச் சுவரில் அதே ஓவியர் வரைந்த முக்காடிட்ட பெண்ணுருவம் இருக்கிறது. எல்லாரும் மரடோனாவோடு படம் எடுக்கிற அவசரத்தில் அதைத் தவறவிடுகிறார்கள். நீங்கள் தவறவிடாதீர்கள், அந்தச் சதுக்கத்தில் கைத்திறன் கூடிய வேலை அதுதான்.

2020 நவம்பர் 25ஆம் தேதி அவர் இறந்த பிறகு இந்தச் சதுக்கம் வழிபாட்டிடமாகிவிட்டது. மெழுகுதிரி, கழுத்துத் துண்டுகள், செத்துப்போன தகப்பன்மாரின் படங்கள், கையால் எழுதிய கடிதங்கள். விற்பனையும் கூடவே வளர்ந்திருக்கிறது. குடிக்கிற பானத்துக்கும் அவர் பெயர். எனக்கு அது கரைச்சலாக இல்லை. இந்தச் சந்துக்காரர்கள் அவரால் சாப்பிடுகிறார்கள், அவர் உயிரோடு இருந்தால் அதை மறுத்திருக்க மாட்டார் என்று நம்புகிறேன்.

நடையின் ஆகச் சிறந்த பத்து நிமிடம் அடுத்து வந்தது. வழிகாட்டி எங்களில் ஆறு பேரை வரிசையாக நிற்கவைத்தார். நீங்கள் யுவென்டஸ், என்றார். அப்பாவை அதில் சேர்க்கவில்லை. நீங்கள் பெச்சி, இங்கே வாருங்கள் ஐயா, என்று தன் பக்கத்தில் நிறுத்தினார். 1985 நவம்பர் 3, மழை. அந்தப் பருவத்தில் அதுவரை எல்லா ஆட்டத்தையும் வென்று வந்த, வடக்கின் பெரிய கழகம் யுவென்டஸ். பெனால்ரிப் பெட்டிக்குள்ளே மறைமுக உதை, அதாவது ஒருவர் தட்டிவிட்ட பிறகுதான் மற்றவர் கோலுக்கு அடிக்கலாம். சுவராக நின்றவர்கள் விதிப்படி விலகாமல் மிகக் கிட்ட நிற்கிறார்கள். அங்கிருந்து அடித்தால் பந்து மேலே போய், உடனே கீழே இறங்க வேண்டும். அதற்கு இடமே இல்லை. நாப்போலி ஆட்டக்காரர் எரால்டோ பெச்சி, இது நடக்காது, என்கிறார். நீ தட்டிவிடு, நான் போடுகிறேன், என்கிறார் மரடோனா. பெச்சி தட்டினார். பந்து சுவரின் தலைக்கு மேலால் எழும்பி, கோல்காப்பாளர் தக்கோனியின் கைக்கு எட்டாமல் மூலையில் இறங்கியது. 1-0. வழிகாட்டி ஒரு மென்பந்தை வைத்திருந்தார். அப்பா காலால் மெல்லத் தட்டிவிட்டார், வழிகாட்டி எங்கள் தலைக்கு மேலால் அதை அனுப்பினார். சுவரில் நின்ற எனக்கு அப்போதுதான் அந்தத் தூரம் உடம்பில் விளங்கியது. எத்தனையோ தரம் திரையில் பார்த்தும் விளங்காதது அது. இயன்மருத்துவக் கண்ணால் சொல்கிறேன்: பின்னுக்குச் சாய்ந்த உடம்பு, அசையாமல் பிடித்த இடுப்பு, கணுக்காலைப் பூட்டி முழங்காலுக்குக் கீழே மட்டும் வரும் குறுகிய வீச்சு. முறிந்து ஒட்டிய அந்தக் கணுக்கால்.

வெற்றிகளை அவர் நன்றாகச் சொன்னார், வேகமாகவும் சொன்னார். வடக்கின் வெரோனாவில் முதல் லீக் ஆட்டமே 3-1 என்று தோல்வி, தெற்கத்தியரைக் கேவலப்படுத்துகிற பதாகைகள். வடக்கு அரங்குகளில் நாப்போலிக்காரரைப் பார்த்துக் கத்திய சொற்களை அவர் தணிக்கை செய்யாமல் சொன்னார்: குளியுங்கள், கொலராக்காரர், நிலநடுக்கக்காரர். அப்பா அதைக் கேட்டு முகம் இறுகினார். அவருக்கு அந்தச் சொற்கள் வேறு வடிவத்தில் பழக்கம். முதல் பருவம் எட்டாம் இடம், அடுத்தது மூன்றாம் இடம். இடையில் 1986 கோடையில் மெக்சிகோ, இங்கிலாந்துக்கு எதிரான இரண்டு கோல்கள், உலகக் கிண்ணம். பிறகு 1987 மே 10: பியோரென்டினாவோடு 1-1 சமநிலை, பட்டம் நாப்போலிக்கு. இத்தாலியின் தெற்குப் பெருநிலத்திலிருந்து எந்தக் கழகமும் அதற்கு முன் வென்றதில்லை. அந்த வருடம் இத்தாலியக் கிண்ணமும் கூடவே. யுவென்டஸுக்கும் மிலானுக்கும் சவப்பெட்டி செய்து ஊர்வலம் போனார்கள். கல்லறைச் சுவரில் ஒருவர் எழுதினார்: நீங்கள் எதைத் தவறவிட்டீர்கள் என்று உங்களுக்குத் தெரியாது. இறந்தவர்களுக்கு எழுதியது. வழிகாட்டி இதைச் சொல்லும்போது குரல் உடைந்தது. தினமும் சொல்கிற கதைக்கு ஒரு மனிதன் இன்னமும் கலங்கினால் அவனை நம்பலாம்.

1989இல் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட்டை வென்று ஐரோப்பியக் கழகங்களுக்கான யூஈஎப்ஏ கிண்ணம், 1990இல் இரண்டாம் பட்டம், அந்த இலையுதிர்காலத்தில் யுவென்டஸை 5-1 என்று அடித்து சூப்பர் கிண்ணம். ஏழு பருவம், 259 ஆட்டம், 115 கோல். இந்த எண்களை அவர் ஓடிக்கொண்டே சொன்னார், அது சரி. ஆனால் அச்செர்ராவை விட்டுவிட்டார். அதை நான் மன்னிக்கவில்லை. நாப்போலிக்குப் பக்கத்து ஊர் அது. நோயாளிப் பிள்ளை ஒன்றின் சத்திரசிகிச்சைக்குக் காசு சேர்க்க ஒரு காட்சி ஆட்டம் ஆட வேண்டும் என்று கூட விளையாடிய ஒருவர் கேட்டார். கழகம் மறுத்தது. மரடோனா காப்புறுதிக் காசைத் தானே கட்டி, சேற்று மைதானத்தில், கார்கள் நிறுத்துகிற இடத்தில் உடம்பு சூடேற்றி, முழு மூச்சாக ஆடினார். அந்தக் காணொளி இருக்கிறது. உலகத்தில் விலை கூடிய கால்கள் சேற்றுக்குள். ஒரு ஆட்டக்காரனின் தொழில் வாழ்க்கையைப் பற்றி ஒரு பிள்ளைக்குச் சொல்வதென்றால் நான் அங்கிருந்துதான் தொடங்குவேன்.

சான் கிரெகோரியோ அர்மேனோ வீதி, பாலன் குடில் பொம்மைகள் செய்கிற இடம். சூசையப்பருக்கும் இடையருக்கும் நடுவில் பத்தாம் இலக்கச் சட்டையோடு சிறகு வைத்த மரடோனா. பார்க்க வடிவு. ஆனால் எங்களை ஒரு குறிப்பிட்ட கடைக்குள் கூட்டிப்போய், வாங்கும்வரை நிற்கவைத்தார்கள். காசு கொடுத்து வாங்கிய மூன்று மணித்தியாலத்தில் கால்மணிக்கு மேல் அங்கே போனது. இது வேண்டாத வேலை. வீதி முழுக்கக் கடைகள், பொம்மை வேண்டுமென்றால் நாங்களே திரும்பி வந்து வாங்கலாம்.

பிறகு பார் நீலோ, நைல் நதித் தெய்வத்தின் பழைய சிலைக்கு எதிரே. கோப்பி நடைக் கட்டணத்துக்குள் அடக்கம். சுவரில் சின்னப் பீடம், அதற்குள் மரடோனாவின் தலைமயிர் என்று ஒன்று. மிலானிலிருந்து திரும்பிய விமானத்தில் அவர் சாய்ந்திருந்த இருக்கையிலிருந்து எடுத்ததாகக் கதை. பக்கத்தில் 1991இல் நாப்போலி அழுத கண்ணீர் என்று ஒரு சின்னக் குப்பி. படம் எடுக்க வேண்டுமென்றால் கோப்பி குடியுங்கள் என்ற அறிவிப்பும் உண்டு. அது நியாயமான விதி. கோப்பியும் நல்ல கோப்பி.

அப்பா அந்தப் பீடத்தைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். பலெர்மோவில் நாங்கள் சாந்தா ரொசாலியா அம்மாவின் மலைக்கு ஏறுகிற ஆட்கள். வேதக்காரரும் சைவக்காரரும் சேர்ந்தே ஏறுவோம், நேர்த்தி வைப்போம். அதனால் பீடமும் நேர்த்தியும் எங்களுக்குப் புதிதில்லை. இருந்தும் அப்பா சிலுவை போடவில்லை. "மனிசனை மனிசனா விடவேணும் பிள்ளை," என்றார். "கடவுளாக்கினா அவன்ர கஷ்டத்தை ஒருத்தரும் கேக்க மாட்டினம்." கொஞ்சம் கழித்து, "கேள், பாரியோட விளையாடின அண்டைக்கு என்ன நடந்ததெண்டு இவரைக் கேள்," என்றார்.

அதுவரை வழிகாட்டி 1990 உலகக் கிண்ணத்தோடு கதையை முடிக்கப் பார்த்துக்கொண்டிருந்தார். ஜூலை 3, நாப்போலி அரங்கில் அரையிறுதி, இத்தாலியும் அர்ஜென்டினாவும். ஆட்டத்துக்கு முன் மரடோனா நாப்போலிக்காரரைப் பார்த்து, வருடம் முழுக்க உங்களை அந்நியராக நடத்துகிறவர்கள் இன்றைக்கு மட்டும் இத்தாலியராக இருக்கச் சொல்கிறார்கள் என்ற கருத்தில் பேசினார். அரங்கில் பதாகை தொங்கியது: மரடோனா, நாப்போலி உன்னை நேசிக்கிறது, ஆனால் இத்தாலி எங்கள் தாய்நாடு. முதல் கோல் ஸ்கிலாச்சி. எங்கள் பலெர்மோவின் வறிய குடியிருப்பொன்றில் வளர்ந்த தொத்தோ ஸ்கிலாச்சி, தெற்கத்தியன். பிறகு கனிஜ்ஜியா சமப்படுத்தினார். பெனால்ரியில் 4-3, அர்ஜென்டினா. அப்பா அந்த ஆட்டத்தைத் தான் வேலை செய்த வீட்டின் குசினி வாசலில் நின்று பார்த்தவர். வீட்டுக்காரர் அழ, அப்பா யாருக்காகச் சந்தோஷப்படுவதென்று தெரியாமல் நின்றாராம். ஒரு பக்கம் சோறு போடுகிற ஊரின் பொடியன், மறு பக்கம் மரடோனா. ரோமில் இறுதியாட்டத்தில் அர்ஜென்டினாவின் தேசிய கீதத்தைக் கூவிக் கேலி செய்தார்கள். அந்தக் கோடையோடு இத்தாலிக்கு அவர் எதிரியாகிவிட்டார்.

நான் இத்தாலிய மொழியில் நேரே கேட்டேன். வழிகாட்டி கோப்பிக் கோப்பையை வைத்துவிட்டு, குழுவில் பிள்ளைகள் இருப்பதால் வழக்கமாகச் சொல்வதில்லை என்றார். பிறகு சொன்னார், ஒளிக்காமல் சொன்னார். 1991 மார்ச் 17, பாரியுடனான ஆட்டத்துக்குப் பின் சோதனை, கொக்கெயின். பதினைந்து மாதத் தடை. மார்ச் 24 சம்ப்டோரியாவுக்கு எதிரான ஆட்டம் நாப்போலிக்குக் கடைசி. அதிலும் ஒரு கோல் போட்டார். சில நாட்களில் இரவோடிரவாக நாட்டை விட்டுப் போனார். நாப்போலியின் குற்றக் கும்பலான கமோராவின் குடும்பங்களோடு எடுத்த படங்கள், அவர்கள் கொடுத்த பரிசுகள். ஞாயிறு ஆட்டம் முடிந்தால் புதன்வரை இரவு வாழ்க்கை, வியாழனிலிருந்து உடம்பைக் கழுவி ஞாயிறுக்குத் தயார்படுத்துவது. 1986இல் இந்த நகரத்தில் பிறந்த மகனை நெடுங்காலம் மறுத்ததும், நீதிமன்றம் தகப்பன் என்று தீர்த்ததும், வயதான பிறகே ஏற்றுக்கொண்டதும். "எல்லாருக்கும் தெரியும்," என்றார் வழிகாட்டி. "நாங்கள் கேட்கவில்லை. ஞாயிறு விளையாடினால் போதும் என்றிருந்தோம்."

இந்தப் பதில் நடையின் அட்டவணையில் இல்லை. இருக்க வேண்டும். நான் சிகிச்சை செய்கிற விளையாட்டுப் பிள்ளைகளில், வலியை ஊசியால் அமுக்கிவிட்டு ஆடு என்று தகப்பனும் பயிற்றுநரும் சொல்லிக் கொண்டுவருகிற பிள்ளைகள் உண்டு. மரடோனாவின் முதுகுக்கும் காலுக்கும் ஊசி போட்டுப் போட்டுத்தான் பல ஞாயிறுகள் கடந்தன. அந்த உடம்பில் நாப்போலி நகரத்தின் சந்தோஷம் முழுவதும் தங்கியிருந்தது, அந்த உடம்பை ஓயவிட ஒருவருக்கும் மனமில்லை. விடுங்கள் என்று அவரே ஒரு கட்டத்தில் கழகத்திடம் கேட்டார், பிரான்சின் மார்செய்க்குப் போக வழி வந்தது, பெர்லைனோ விடவில்லை. தடை முடிந்து ஸ்பெயினின் செவில்லா, அர்ஜென்டினாவின் நியூவெல்ஸ், 1994 உலகக் கிண்ணத்தில் எபெட்ரின் என்ற தடைசெய்த மருந்து, கடைசியில் மறுபடி போக்கா, 1997இல் ஓய்வு. நாப்போலிக்குப் பிந்திய அந்த ஆறு வருடத்தை எந்த நடையும் காட்டாது, காட்ட இடமும் இல்லை. ஆனால் நாப்போலியில் நடந்ததையாவது முழுதாகச் சொல்லலாம். நிறுவனத்துக்கு இதை எழுதி அனுப்பியிருக்கிறேன், பிள்ளைகள் இல்லாத தனிச் சுற்று ஒன்று வையுங்கள் என்றும் கேட்டிருக்கிறேன்.

ஐந்துக்கு நாலு கொடுக்கிறேன். குறைத்த ஒன்று பொம்மைக் கடைக்கும் அச்செர்ராவுக்கும்.

விளையாட்டரங்கு இந்த நடையில் சேராது, அது நகரத்தின் மேற்கே புவோரிக்ரோத்தாவில் இருக்கிறது. குவார்த்தியேரிக்குப் பக்கத்திலேயே உள்ள மொந்தேசாந்தோ நிலையத்திலிருந்து குமானா ரெயின் எடுத்து அரங்குப் பெயர் போட்ட தரிப்பில் இறங்குங்கள். சான் பவுலோ என்றிருந்த அரங்குக்கு 2020 டிசம்பரில் அவர் பெயரை வைத்துவிட்டார்கள். பத்தாம் இலக்கச் சட்டைக்குக் கழகம் 2000ஆம் ஆண்டில் ஓய்வு கொடுத்தது, இப்போது யாருக்கும் கொடுப்பதில்லை. வெளியே சுற்றிப் பார்க்க ஒரு மணித்தியாலம் போதும். கிழக்கே சான் ஜொவான்னி அ தெதுச்சோவில் ஜோரித் என்ற ஓவியர் 2017இல் அடுக்குமாடி உயரத்துக்கு வரைந்த முகத்தையும் பார்க்க ஆசையென்றால் அதற்கு இன்னொரு அரை நாள் வேண்டும். தாடி வளர்ந்த, களைத்த முகம். அப்பாவுக்கு எல்லாவற்றிலும் பிடித்தது அதுதான்.

பலெர்மோவிலிருந்து வருகிறவர்கள் இரவுக் கப்பலில் வந்தால் காலையில் துறைமுகத்தில் இறங்கி, நடந்தே தொலேடோவுக்குப் போய்விடலாம், தங்க அறை தேவையில்லை. திரும்புகிற கப்பலும் இரவில்தான், ஆகவே பின்னேரம் அரங்குக்குப் போக நேரம் தாராளமாக இருக்கும். தகப்பன்மாரோடு போகிறவர்கள் கப்பலில் கட்டிலுள்ள அறை எடுங்கள், சாய்கதிரை வேண்டாம். அடுத்த நாள் ஏற்றம் இருக்கிறது.